அரை டிக்கெட் சாமிகளுக்காக: குருசாமிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

சாமி சரணம்.

கார்த்திகை பிறக்கும் முன்பே, சபரிமலைக்கு எங்களை அழைத்துப் போகும் உங்கள் குழுவின் நோட்டீஸ் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மாலை போடும் நாள், இருமுடி கட்டும் இடம், வேன் கிளம்பும் நேரம், போகிற வழியில் எந்தெந்தக் கோயில், சாமி ஒருவருக்குக் கட்டணம் எவ்வளவு என்று எல்லாம் அச்சாகியிருக்கிறது. குழந்தைகளைப் பற்றி மட்டும் ஒரே வரி: 'சிறுவர்களுக்கு அரை டிக்கெட், மடிக் குழந்தைக்கு இலவசம்.'

அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பம்பையிலிருந்து சன்னிதானம் வரை ஏறப்போகும் மூன்று வயதுப் பிள்ளைக்கு வேனில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு ஏறும், யார் தூக்குவார்கள், என்ன சாப்பிடும், முடியாமல் போனால் யார் திருப்பி அழைத்து வருவார்கள் என்பது எங்குமே இல்லை. அதை அப்பன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட முடியாது. மாலை போட்ட பிறகு அப்பன் எதையும் முடிவு செய்வதில்லை. வேன் எங்கே நிற்க வேண்டும், எப்போது குளிக்க வேண்டும், எப்போது ஏற வேண்டும் என்பதெல்லாம் குருசாமி வாக்கு. போலீசுக்கோ கோயில் நிர்வாகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

முதலில் நேரம். இப்போது பெரும்பாலான குழுக்கள் போடும் திட்டம் இப்படி: இரவெல்லாம் வேன், விடியலுக்கு முன் நிலக்கல், அங்கிருந்து பேருந்தில் பம்பை, குளியல், உடனே ஏற்றம். நாற்பது வயதுக்காரருக்கு இது சரிவரும். குழந்தை பம்பையில் கால் வைக்கும்போதே பாதி ஓய்ந்திருக்கிறது. குமுளியிலிருந்து பீர்மேடு வழியாக இறங்கும் வளைவுகளில் இரண்டு முறையாவது வாந்தி எடுத்திருக்கும். உள்ளே தங்கியது நாலு பிஸ்கட். தூக்கம் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம். இந்த உடம்போடு நீலிமலை ஏற்றத்தில் விட்டால் அப்பாச்சிமேடு வருவதற்குள் துவண்டுவிடுகிறது. 'பையன் சோம்பேறி, செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறார்கள்' என்று சிலர் சொல்வார்கள். அவனுக்கு உடம்பில் தண்ணீர் இல்லை, சர்க்கரை இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பம்பையிலிருந்து சன்னிதானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். கூட்டம் இல்லாத நாளில் பெரியவர் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுவார். நாலு வயதுக் குழந்தை கொஞ்சம் நடந்து கொஞ்சம் தூக்கி வரும்போது மூன்றரை, நாலு மணி நேரம் ஆகும். உங்கள் கணுக்காலுக்குச் சற்று மேலே வரும் படி அதற்கு முழங்கால் உயரம். நீங்கள் நடக்கிற இடத்தில் அது ஒவ்வொரு படியையும் ஏறிக் குதிக்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம், உட்கார்ந்து ஒரு மிடறு தண்ணீர், பிறகு மறுபடி நடை என்று போனால் அழாமல் வரும். இடைவிடாமல் இழுத்துக்கொண்டு போனால் அரை மணியில் நடை நின்றுவிடும், மிச்சத்தை முழுக்கத் தூக்க வேண்டிவரும்.

ஆகவே குழந்தைகள் இருக்கும் வேன் மலையடிவாரத்திலோ அதற்கு முன்பிருக்கும் ஏதாவது ஊரிலோ இரவு தங்க வேண்டும். ஆறு மணி நேரத் தூக்கம், வயிற்றுக்கு இட்லி, பிறகு விடியற்காலை ஏற்றம். ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் செங்குத்தான பகுதி முடிந்துவிடும். கார்த்திகையில் அந்த மலையில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு மழை வரும். நனைந்த கல்லில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீசனில் மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில், சன்னிதானத்துக்கு முன் வரிசை நிற்கும் நடைப்பந்தலில் மாட்டிக்கொள்ளும்படி கிளம்புவதைப் போலத் தப்பான திட்டம் வேறில்லை.

ஏற்றத்தைவிட வரிசைதான் குழந்தையை அதிகம் வதைக்கிறது. ஏற்றத்தில் ஓரமாக ஒதுங்கலாம். ஏற்றம் முடிந்து வரிசை தொடங்கும் மரக்கூட்டத்திலும் சரங்குத்தியிலும் தடுப்புக்குள் போய்விட்டால் ஒதுங்க வழியில்லை. நின்றுகொண்டிருக்கும் குழந்தையின் முகம் பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. காற்று இல்லை, எதிரே என்ன நடக்கிறது என்று தெரியாது. அதனால் தடுப்புக்குள் நுழையும் முன் ஊட்டிவிட வேண்டும், சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். பழகிய மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தாலும் அன்று ஒரு டயப்பர் கட்டுவது நல்லது. உள்ளே போன பிறகு குழந்தை கம்பித் தடுப்பின் ஓரமாக இருக்கவே கூடாது. பின்னாலிருந்து தள்ளும் கூட்டம் நசுக்குவது கம்பியோரத்தில்தான். தூக்கியவரின் நெஞ்சோடு குழந்தை, அவர் முதுகு தள்ளுகிற பக்கம், அவருக்குப் பின்னால் நம் குழுவின் இரண்டு பேர் என்று நின்றால் அழுத்தம் குழந்தை மேல் விழாது. அண்மைக் காலத்தில் நடைப்பந்தலில் குழந்தைகளுக்குத் தனி வழி விடுகிறார்கள். அங்கே குழு பிரியும். யார் குழந்தையோடு போவது, தரிசனம் முடிந்து எங்கே சேர்வது என்பதைப் பம்பையிலேயே பேசி முடித்திருக்க வேண்டும்.

அடுத்தது தூக்கும் முறை. தலையில் இருமுடி, அதை ஒரு கை பிடித்திருக்கிறது. இன்னொரு கையில் குழந்தை. கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. சறுக்கினால் ஊன்றவும் கை இல்லை. ஒரு வயதுக் குழந்தை 9, 10 கிலோ இருக்கும். நாலு வயதுப் பிள்ளை 15 கிலோவைத் தாண்டும். தனி ஒருவர் இந்தச் சுமையோடு ஏறுவதை நாம் பக்தி என்று பார்த்துப் பழகிவிட்டோம். ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் குழந்தையை எடுத்தால் மற்றவர் இரண்டு இருமுடியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். இறங்கும்போதும் இதே ஏற்பாடு இருக்க வேண்டும். தரிசனம் முடிந்த திருப்தியில் எல்லாரும் வேகமாக இறங்குவார்கள், தூக்கியவரின் தொடையும் முழங்காலும் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும். விழுவது அப்போதுதான்.

கழுத்தில் உட்காரவைத்து ஏறுவதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தை தூங்கிவிட்டால் பின்பக்கமாகச் சாய்கிறது. பந்தல் கம்பியும் மரக்கிளையும் அதன் நெற்றி உயரத்தில் வருகின்றன. துண்டிலோ வேட்டியிலோ கட்டித் தூக்குவதானால் குழந்தைக்குத் தலை நன்றாக நின்றிருக்க வேண்டும். முதுகில் சுமப்பதென்றால் தானாக உட்காரத் தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஆறு மாதமாவது நிரம்பியிருக்க வேண்டும். கட்டிய பிறகு மூன்றைப் பாருங்கள்: மூக்கும் வாயும் வெளியே தெரிகிறதா, முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா, முழங்கால் பிட்டத்தைவிட உயரமாக இருக்கிறதா. முகவாய் நெஞ்சில் படிந்தபடி தூங்கும் கைக்குழந்தைக்கு மூச்சுக்குழல் மடங்குகிறது. சத்தமே வராது. சரண கோஷத்துக்கு நடுவே யாருக்கும் தெரியாது.

கைக்குழந்தை விஷயம் தனியாகப் பேச வேண்டியது. நம் குழுக்களில் பால் கொடுக்கும் தாய் மலைக்கு வருவதில்லை. குழந்தை அப்பாவோடோ பாட்டியோடோ வருகிறது. வீட்டில் கிளம்பித் திரும்பும் வரை ஒன்றரை நாள், இரண்டு நாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும், தண்ணீர்கூட, கொடுக்கக் கூடாது என்பது எல்லாத் தடுப்பூசி அட்டையும் சொல்லும் விஷயம். அப்படியிருக்க, நேர்ந்துகொண்டார்கள் என்பதற்காக நாலு மாதக் குழந்தைக்கு மாலை போட்டுவிடுகிறீர்கள். பிழிந்து எடுத்த தாய்ப்பால் வெளியே நாலு மணி நேரம்தான் தாங்கும். பனிக்கட்டிப் பெட்டி வைத்திருந்தால் ஒரு நாள். அதற்குப் பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன இருக்கிறது? சன்னிதானத்தில் சோறூண் (முதல் சோறு ஊட்டுவது) கொடுக்க வேண்டும் என்ற வேண்டுதலை ஒரு வயது தாண்டிய பிறகு நிறைவேற்றினால் குறையொன்றும் இல்லை என்று நீங்கள் சொன்னால் வீட்டார் கேட்பார்கள். மருத்துவர் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

பவுடர் பால் குடித்துப் பழகிய, ஆறு மாதம் தாண்டிய குழந்தை ஏதோ காரணத்தால் வந்தே ஆக வேண்டும் என்றால், ஒரு வேளைக்கு ஒரு சின்ன டப்பா என்று பவுடரை வீட்டிலேயே அளந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கொதித்த தண்ணீர் ஒரு லிட்டர் ஸ்டீல் பிளாஸ்கில். பாட்டிலைக் கழுவ அங்கே வழி இருக்காது. பால் புகட்டும் பாலாடையும் கிண்ணமும் வெந்நீரில் அலசினால் போதும். குடித்து மிச்சம் வைத்த பாலை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

ஒரு வயதுக்கு மேலே போனால் சாப்பாடு சுலபம். எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, ரஸ்க். தயிர்சாதம் காலை பத்து மணிக்கே புளித்துவிடும். மணிக்கு ஒரு முறை ஏதாவது கொஞ்சம், அரை மணிக்கு ஒரு முறை நாலைந்து மடக்குத் தண்ணீர். வழியில் கொடுக்கும் சுக்குத் தண்ணீர் பெரியவர்களுக்கு நல்லது. காரம் பிடிக்காத குழந்தை ஒரு வாயோடு நிறுத்திவிடும், அதை நம்பிப் போகக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர். கண்ணளவில் பாதியைத் தம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிஞ்சிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு காய்ந்திருக்கிறது என்றால் அது களைப்பில்லை, நீர்ச்சத்து போய்விட்டது.

விரதம் என்று சொல்லிக் குழந்தையை வெறும் வயிற்றில் ஏற்றுவதும், செருப்புப் போட்டால் விரதம் கெட்டுவிடும் என்பதும் நம்மால் வந்த கெடுதல். கல்லும் முள்ளும் காலுக்கு மெத்தை என்று கோஷம் போடலாம். வருடம் முழுக்கப் பள்ளிக்கூட ஷூவுக்குள் இருந்த பிஞ்சுக் காலுக்கு அது மெத்தை ஆகாது. பகல் வெயிலில் காய்ந்த கல்லில் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டால் இறக்கம் முழுவதும் தூக்கல்தான்.

இருமுடிக்குள்ளேயே இருக்கும் ஆபத்தும் உண்டு. கற்பூரமும் கல்கண்டும் அருகருகே வைக்கிறோம். இரண்டு வயதுக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கிராம் கற்பூரம் உள்ளே போனால்கூட வலிப்பு வரும், உயிரே போகலாம். கற்பூரம் தின்ற குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு அருகிலிருக்கும் சிகிச்சை மையத்துக்கு ஓட வேண்டும். அதே போல நிலக்கடலையும் பொரிகடலையும். தோளில் ஆடிக்கொண்டே கடலை தின்னும் மூன்று வயதுக் குழந்தைக்குப் புரை ஏறினால் அடைப்பு மூச்சுக்குழலில். ஐந்து வயது வரை முழுக்கடலை வேண்டாம். அபிஷேகத் தேன் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நாக்கில் ஒரு துளியும் படக் கூடாது. அந்த வயதில் அது தசைகளைத் தளர்த்தி மூச்சை நிறுத்தும் விஷக் கிருமிக்கு வழி. துளசி மாலையைக் கைக்குழந்தையின் கழுத்தில் போடாதீர்கள். துண்டுக்குள் தூங்கும்போது அது சுருக்காகிறது. மணி அறுந்தால் வாய்க்குள் போகிறது.

பம்பைக் குளியலில் குழந்தையை மூன்று முழுக்குப் போட வைப்பது வழக்கம். 2025 சீசனில் கேரள சுகாதாரத் துறையே, ஆற்றில் குளிக்கும்போது மூக்குக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி பக்தர்களுக்கு அறிவுறுத்தியது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. சொம்பில் மொண்டு கழுத்துக்குக் கீழே ஊற்றினால் போதும். தலை துவட்டி, காய்ந்த உடை மாற்றி, விடியல் குளிருக்கு ஒரு குல்லாய் போட்ட பிறகு கிளம்புங்கள். சுமக்கப்படும் குழந்தை நடப்பதில்லை. தூக்குபவருக்கு வியர்க்கும்போது அதற்குக் குளிரெடுக்கும்.

தொலைவது பற்றி. எல்லாரும் கறுப்பு வேட்டி, எல்லாருக்கும் தாடி, எல்லார் தலையிலும் இருமுடி. குழந்தை எந்தக் கையைப் பிடிக்கும்? பம்பையில் போலீசார் கட்டிவிடும் அடையாளப் பட்டையை ஒரு குழந்தையையும் விடாமல் கட்டுங்கள். கூடவே, குழுவில் இரண்டு பேருடைய எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் குழந்தையின் முன்கையில் எழுதுங்கள். அப்பாவின் எண் மட்டும் போதாது, அவர் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும். பெயரும் ஊரும் மலையாளத்திலும் எழுதியிருந்தால் விசாரிப்பவருக்கு உதவி. குழந்தைகளோடு வரும் பெரியவர்கள் தோளில் ஒரே நிறத்தில் பளிச்சென்ற துண்டு போட்டுக்கொள்ளட்டும்.

எருமேலியிலிருந்து காட்டு வழியாக வரும் பெரிய பாதையிலும், சத்திரம் என்ற ஊரிலிருந்து புல்மேடு வழியாக வரும் பாதையிலும் சிறு குழந்தைகள் வேண்டாம். அழுதா ஏற்றமும் கரிமலையும் யானை நடமாடும் காடு. சத்திரத்திலிருந்து சன்னிதானம் 12 கிலோமீட்டர், நடுவில் குழந்தைக்கு முடியவில்லை என்றால் வண்டி வர வழியில்லை. 2011 ஜனவரி 14 இரவு புல்மேட்டில் நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும், அதில் நம் ஊர்க்காரர்கள் பலர் என்பதையும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பம்பையிலிருந்து ஏறும் சின்னப் பாதையிலும்கூட, ஏற அனுமதி இருக்கும் நாட்களில் நீலிமலையை விட்டு சுவாமி ஐயப்பன் சாலையைப் பிடியுங்கள். தூரம் கொஞ்சம் கூட, ஆனால் சரிவு சீரானது.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் ஏதாவது ஒரு குழந்தைக்கு முடியாமல் போகும். உதடு நீலம் பாய்ந்திருக்கும். பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்காது. கொடுத்ததெல்லாம் வாந்தியாக வரும். கூப்பிட்டால் கண் திறந்து மூடும். வழிநெடுக ஆக்சிஜனோடு சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. அங்கே காட்டிவிட்டு இறங்குவதுதான் சரி. ஆனால் அப்பன் இறங்கமாட்டான். இருமுடி பாதியில் நிற்கிறதே என்ற பயம். வேன் தாமதமாகும், இருபது பேர் முகம் சுளிப்பார்கள் என்ற கூச்சம். தன் விரதத்தில் ஏதோ குறை என்று ஊர் பேசுமே என்ற நினைப்பு. 'இன்னும் கொஞ்ச தூரம்தான், ஐயப்பன் பார்த்துக்கொள்வான்' என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அந்த நேரத்தில் அவனை இறங்க வைக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். அதுவும் அப்பாச்சிமேட்டில் நின்று சொன்னால் போதாது. இருமுடி கட்டும் அன்றே, எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்க வேண்டும்.

எனவே இந்த ஆண்டு நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் உங்களிடம் கேட்பவை இவை.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மாலை போட மறுத்துவிடுங்கள். நேர்ச்சையைத் தள்ளிவைக்கலாம் என்று நீங்களே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். இதயத்தில் துவாரம், ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளைகளை மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே சேருங்கள். மருந்தும் இன்ஹேலரும் பையின் அடியில் இல்லாமல் அப்பா இடுப்பில் இருக்கட்டும்.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பெரியவர் என்று எழுதுங்கள். அப்படி ஆள் இல்லாத வீட்டாரிடம் அந்த ஆண்டு குழந்தையை விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

குழந்தைகள் உள்ள வேனுக்கு ஓர் இரவுத் தங்கலைத் திட்டத்திலேயே சேருங்கள். வழிக்கோயில் இரண்டைக் குறைத்தால் அந்த நேரம் கிடைக்கும். மலையில் குழந்தைகளைத் தனி அணியாக்கி, அனுபவமுள்ள ஒரு மூத்த சாமியை அதன் கடைசி ஆளாக நடக்க விடுங்கள். அவர் சொன்னால் அணி நிற்க வேண்டும். நெய்யபிஷேகத்துக்காக இரவு விரி வைப்பதானால் (சன்னிதானத்தில் விரித்துப் படுத்துத் தங்குவதானால்) குழந்தைகளுக்குக் கூரைக்குக் கீழே, கற்பூரப் புகைக்கும் வெடி வழிபாட்டுச் சத்தத்துக்கும் தள்ளி இடம் பாருங்கள்.

வாங்கும் அரை டிக்கெட் பணத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காய்ச்சல் மருந்து, வெப்பமானி, ஒரு பிளாஸ்க், மாற்றுத் துணி, டார்ச் லைட் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு அந்த மூத்த சாமியிடம் கொடுங்கள்.

இருமுடி கட்டும் நாளில், முதல் முடி கட்டும் முன், எல்லாரையும் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்: 'குழந்தைக்கு முடியவில்லை என்றால் இறங்கிவிடுங்கள். அது குற்றமில்லை, விரதக் குறையில்லை. உங்கள் இருமுடியை நான் சேர்ப்பேன். வேன் உங்களுக்காகக் காத்திருக்கும்.' சொன்னபடி காத்திருக்கவும் செய்யுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது என்பதை மாலை போடும் நாளுக்கு முன்பே பெற்றோரிடம் தெரிவித்துவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பிள்ளைகளை உங்களோடு அனுப்புவோம்.

சாமியே சரணம் ஐயப்பா.

குழந்தைகளோடு மலையேறும் பெற்றோர் சிலர்